ரேகையும் கையொப்பமும்

கம்பம் பள்ளத்தாக்கின் ஒரு சிற்றூரில், நண்பர் ஒருவரின் அழைப்பின் பேரில், அரசுப் பள்ளியொன்றின் மேலாண்மைக் குழுக் கூட்டத்தைக் காணச் சென்றிருந்தேன். வெள்ளிக்கிழமை பிற்பகல். வேப்பமர நிழலில் பாய் விரித்துப் பன்னிரண்டு பேர் அமர்ந்திருந்தனர். ஒருவர் தவிர அனைவரும் பெண்கள். தீர்மானப் பதிவேடு ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சென்றது. ஒவ்வொருவரும் தம் பெயருக்கு நேரே கையெழுத்திட்டனர். அந்தப் பக்கத்தில் அதுவரை தீர்மானம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. கடைசியில் அமர்ந்திருந்த மூதாட்டி, பெற்றோர் வெளியூரில் வேலை செய்யும் பேத்திக்காக வந்திருந்தவர். மையில் கட்டைவிரலைத் தோய்த்தபடி, "எதுக்குத் தம்பி இந்த ரேகை?" என்று என்னிடம் கேட்டார்.

என்னால் உடனே விடை கூற முடியவில்லை. கூட்டம் அரைமணி நேரத்தில் முடிந்தது. தேநீர் வந்தது. பள்ளிக்கு வந்த மானியம் எவ்வளவு, அது எதற்குச் செலவாயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவுமில்லை. எவரும் தீயவர் அல்லர். தலைமையாசிரியர் அன்பானவர், வந்திருந்த தாய்மார் பிள்ளைகள்மீது உயிரையே வைத்திருப்பவர்கள். ஆயினும் மூதாட்டி கேட்ட வினா வீடு திரும்பிய பின்னும் என்னை விடவில்லை. அவர் பயன்படுத்திய 'ரேகை' என்னும் சொல்லுக்கு இந்த மண்ணில் நீண்ட, வலிமிக்க வரலாறு ஒன்று உண்டு.

ரேகை வைத்த காலம்

ஆங்கிலேயர் ஆட்சி 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911இல் திருத்தியமைக்கப்பட்ட பின் அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. உசிலம்பட்டி வட்டாரத்திலும் அதையொட்டிய பகுதிகளிலும் வாழ்ந்த பிரமலைக் கள்ளர் சமூகத்தின்மீது அச்சட்டம் பாய்ந்தது. குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற வேறுபாடின்றி, பிறப்பின் காரணமாகவே ஒருவர் தம் விரல் ரேகையைக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். இரவில் தம் வீட்டில் உறங்கும் உரிமையின்றிக் காவலர் கண்காணிப்பில் இருக்க வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். மக்கள் அதனை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர்.

இந்தக் குருதி உலர்வதற்குள் அதே ஆட்சி மற்றொரு முகத்தையும் காட்டியது. 'கள்ளர் சீரமைப்பு' என்ற திட்டம் பிறந்தது. சிற்றூர்களில் பள்ளிகள் திறக்கப்பட்டன, விடுதிகள் எழுந்தன. இன்று மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறக்குறைய 300 பள்ளிகள் அந்தத் திட்டத்தின் வழித்தோன்றல்களாக நிற்கின்றன. அவற்றில் பயின்று ஆசிரியராகவும் மருத்துவராகவும் ஆட்சிப் பணியாளராகவும் உயர்ந்தோர் பலர். அந்த நன்மையை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'சீரமைப்பு' என்ற சொல்லில் சீரமைக்கப்பட வேண்டியவர் யார்? பள்ளியன்று, பெற்றோரே. தந்தையின் கெட்ட பழக்கத்திலிருந்து மகனைக் காப்பாற்றும் இடமாகவே அன்றைய அதிகாரிகள் பள்ளியைக் கருதினர். பள்ளி பெற்றோரைக் கண்காணித்தது. பெற்றோர் பள்ளியைக் கண்காணிப்பது என்பது அன்று எவர் கனவிலும் தோன்றியிராத ஒன்று. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952இல் அது மறைந்தது. சட்டம் மறைந்தாலும், அரசு அலுவலர் நீட்டும் தாளில் கேள்வியின்றி விரல் பதிக்கும் பழக்கம் அவ்வளவு எளிதில் மறைவதில்லை. அப்பழக்கம் ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதன்று. பள்ளத்தாக்கின் ஏழை எளியோர் அனைவரும் ஏதோ ஒரு வகையில் அதனைக் கற்றவர்களே.

கொடுத்த கைகள்

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலம் தமிழகக் கல்வி வரலாற்றின் பொற்காலம் எனப் போற்றப்படுகிறது. 1956இல் மதிய உணவு தொடங்கியது. அதில் ஊராரின் பங்கு கணிசமானது. அரிசியும் காய்கறியும் விறகும் வீடுகளிலிருந்து வந்தன. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஓர் ஊர்ப் பள்ளிக்கு என்னென்ன தேவை எனப் பட்டியலிட்டு, அவற்றை அந்த ஊர் மக்களே வழங்குமாறு அழைத்தது அந்த இயக்கம். நிலம் கொடுத்தவர் உண்டு. கட்டடம் எழுப்பியவர் உண்டு. ஒன்றும் இல்லாதவர் ஒரு மணியோ, ஒரு கரும்பலகையோ, ஒரு பிள்ளைக்குச் சீருடையோ வாங்கிக் கொடுத்தனர்.

இங்கும் 'சீரமைப்பு' என்ற அதே சொல் வருவதைக் காண்கிறோம். ஆனால் பொருள் தலைகீழாக மாறிவிட்டது. முன்னர்ப் பள்ளி மக்களைச் சீரமைத்தது. இப்போது மக்கள் பள்ளியைச் சீரமைத்தனர். விரல் பதித்த கை, கொடுக்கும் கையாயிற்று. அது பெரிய மாற்றம்.

ஆயினும் அதற்கும் ஓர் எல்லை இருந்தது. கொடுத்தவரின் பெயர் பாராட்டுப் பத்திரத்தில் இடம் பெற்றது. கொடுத்த பொருள் பின்னர் என்னவாயிற்று என்ற கணக்கு அவரிடம் திரும்பி வரவில்லை. கொடுத்ததைக் கேட்பது நாகரிகமன்று என்பது நம் பண்பாடு. கோயிலுக்கு விளக்கு வாங்கிக் கொடுத்தவர் எண்ணெய்க் கணக்குக் கேட்பாரா? மேலும், கொடுக்க இயன்றவர்களே ஊரில் பேசினர். பின்னாளில் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் பெருகியபோதும் இந்நிலை தொடர்ந்தது. பிள்ளை எவரும் அப்பள்ளியில் பயிலாத செல்வரோ அரசியல் பிரமுகரோ கழகத் தலைவரானார். கூலி வேலை செய்யும் தந்தை ஆண்டு விழாவில் கைதட்டினார்.

மேல்நோக்கிப் பாய்ந்த கணக்கு

அடுத்து வந்த மாற்றம் அமைதியாக நிகழ்ந்தது. ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளின் ஆசிரியர்கள் 1981 ஜூன் முதல் அரசு ஊழியராயினர். ஒன்றியத் தலைவரின் தயவில் வாழ்ந்த ஆசிரியருக்கு அது விடுதலை. உரிய நாளில் ஊதியம் கிடைத்தது. பழிவாங்கும் இடமாற்றம் குறைந்தது. அதே வேளையில் பள்ளிக்கும் ஊருக்கும் இடையே இருந்த நூல் ஒன்றும் தளர்ந்தது. ஆசிரியர் விடை கூற வேண்டிய இடம் வட்டார அலுவலகமாயிற்று. பணம் மேலிருந்து வந்தது. கணக்கும் மேலே சென்றது. இடையில் நின்ற பெற்றோரின் கண்ணில் இரண்டுமே படவில்லை.

இதனைக் கம்பம் பள்ளத்தாக்கு உழவருக்கு விளக்குவது எளிது. முல்லைப் பெரியாற்றின் நீர் 1895 முதல் கிழக்கு நோக்கி வருகிறது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்த நீரால். அணையில் எத்தனை அடி நீர் நிற்கிறது, எத்தனை கன அடி திறந்துவிட்டார்கள் என்பதை இங்கே தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கும் எவரும் சொல்வார். முறை தப்பி ஒரு மடை ஒரு நாழிகை கூடுதலாகத் திறந்திருந்தால் ஊரே திரண்டு நிற்கும். நீருக்குக் கணக்குக் கேட்பது இங்கு நாகரிகக் குறைவாகக் கருதப்படுவதில்லை, அது வாழ்வுரிமை. அப்படிப்பட்ட மக்கள் பிள்ளைகளின் பள்ளிக்குப் பாயும் பணத்தின் மடையை ஏன் எட்டிப் பார்ப்பதில்லை? அதனைத் தம் நீராக அவர்கள் எண்ணவில்லை என்பதே காரணம். அது அரசு தரும் கொடை என்று கருதுகின்றனர். சோப்பும் தீப்பெட்டியும் வாங்கும்போது தாம் செலுத்திய வரியே பள்ளிக்குத் திரும்பி வருகிறது என்பதை எவரும் அவர்களுக்கு எடுத்துரைக்கவில்லை.

சட்டம் தந்த இடம்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவைப் படிக்கும்போது, நூறாண்டு வரலாறு ஒரு பக்கத்தில் திரும்புவதை உணரலாம். பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கு ஏற்ற விகிதத்தில் அவர்களின் பெற்றோருக்கு இடம் அளிக்கப்பட வேண்டும். அக்குழுவின் பணிகள் மூன்று வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளன: பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணித்தல், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வகுத்தல், வரும் மானியங்கள் பயன்படுத்தப்படும் முறையைக் கண்காணித்தல்.

கண்காணித்தல் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு காலத்தில் காவல் நிலையத்தில் இரவில் கண்காணிக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகளுக்கு, அரசுப் பள்ளியைக் கண்காணிக்கும் உரிமையைச் சட்டம் வழங்கியிருக்கிறது.

தமிழக அரசு 2022இல் இக்குழுக்களை மறுசீரமைத்தது. இருபது உறுப்பினர், பதினைந்து பேர் பெற்றோர், பெண்கள் பத்துப் பேருக்குக் குறையக் கூடாது, தலைமை பெற்றோருக்கே உரியது. 2024இல் முன்னாள் மாணவரையும் சேர்த்து உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆயிற்று. பிள்ளை பயிலாத பிரமுகர் தலைவராவதற்கு இங்கு வழியில்லை.

கண்காணிக்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நெறிமுறைப்படி மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆண்டு மானியம் வகுக்கப்பட்டுள்ளது: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000, 1,000 பேர் வரை 75,000, அதற்கு மேல் ஓர் இலட்சம். அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு உரியது. சிறிய தொகைதான். ஆனால் கழிவறைக்குத் தண்ணீர் வருமா, உடைந்த கதவு சீராகுமா என்பதை அச்சிறு தொகையே முடிவு செய்கிறது. வளரிளம் பெண் ஒருத்தி பள்ளிக்கு வருவதும் நிற்பதும் சில இடங்களில் அக்கதவைப் பொறுத்தது. மதிய உணவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி என்பது அளவு. வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் உணவுப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்குக் கணக்காயர் பட்டம் தேவையில்லை. வீட்டில் உலை வைத்துப் பழகிய தாய் ஒருத்தி போதும்.

சட்டம் இடம் தந்துவிட்டது. வாழ்க்கை அந்த இடத்துக்குச் செல்ல விடுவதில்லை. குழுக் கூட்டத்துக்கு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் எனக் குறித்தனர். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி இடுக்கி மலையின் ஏலத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர்; திரும்புவது மாலையில். திராட்சைத் தோட்டத்தில் கவாத்துக் காலத்தில் ஒரு நாள் கூலியை விடுவது ஒரு நாள் அடுப்பை அணைப்பதற்குச் சமம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வர இயன்றவர் வருகிறார். வர இயலாதவருடைய பிள்ளைக்குத்தான் பள்ளி மிகுதியாகத் தேவைப்படுகிறது. கூட்ட நேரத்தைத் தீர்மானிப்பதே முதல் தீர்மானமாக இருக்க வேண்டும் என்று அந்த வேப்பமரத்தடியில் எனக்குத் தோன்றியது.

கேட்கப்படாத பெற்றோர்

பள்ளியின் ரொக்கப் பதிவேட்டோடு இந்தக் கண்காணிப்பு முடிந்துவிடுவதில்லை. பெரிய முடிவுகள் தொலைவில் எடுக்கப்படுகின்றன. 2023 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், பல்வேறு துறைகளின்கீழ் இயங்கும் பள்ளிகள் அனைத்தும் பள்ளிக் கல்வித் துறையின்கீழ்க் கொண்டுவரப்படும் என அரசு அறிவித்தது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அதில் அடங்கும் என்று அறிந்ததும் மூன்று மாவட்டங்களிலும் எதிர்ப்பு எழுந்தது. தாத்தா கொடுத்த நிலத்தில் நிற்கும் பள்ளி, வரலாற்றின் காயத்துக்கு ஈடாகப் பெற்ற பள்ளி, தம் கையைவிட்டுப் போகிறது என்று மக்கள் அஞ்சினர். பிள்ளைகளின் பள்ளிப் பெயரில் சாதி இருக்கலாகாது என்பது மற்றொரு வாதம். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் மாணவர் ஒருவர் சக மாணவரால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்குமாறு 2024 ஜூனில் பரிந்துரைத்தது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. பள்ளி அனைவருக்கும் பொது என்பது மறுக்க முடியாத அறம். காயம்பட்ட சமூகத்தின் நினைவை ஓர் ஆணையால் துடைத்துவிட முடியாது என்பதும் உண்மை. ஆனால் இந்த வழக்கில் ஒரு குரல் மெலிந்தே ஒலித்தது. சங்கங்கள் பேசின, கட்சிகள் பேசின, அதிகாரிகள் பேசினர். அப்பள்ளிகளில் இன்று பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரிடம், அங்கு பயிலும் பிற சாதிப் பிள்ளைகளின் பெற்றோரிடமும், "உங்கள் பள்ளிக்கு என்ன தேவை?" என்று பொறுமையாகக் கேட்டிருந்தால், துறையின் பெயருக்கு முன்னே அவர்கள் ஆசிரியர் பற்றாக்குறையைச் சொல்லியிருக்கக் கூடும்.

மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையே கொள்கைப் பிணக்கு எழுந்து, 2024–25ஆம் ஆண்டுக்குரிய சுமார் 2,152 கோடி ரூபாய்க் கல்வி நிதி தமிழகத்துக்கு வராமல் நிறுத்தப்பட்டபோதும் இதே நிலைதான். எவர் பக்கம் நியாயம் என்று அவரவர் கட்சி சொல்லும். அந்தப் பணத்தின் உண்மையான உரிமையாளர் அறுவடைக் களத்திலும் ஏலத் தோட்டத்திலும் நின்றுகொண்டிருந்தனர்.

உரக்க வாசித்த ஊர்

எழுத்தறியாதவர் கணக்கைச் சரிபார்க்க முடியுமா? முடியும் என்று ராஜஸ்தான் காட்டியது. 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்னும் சிற்றூரில் மசுதூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் அமைப்பு ஒரு பொது விசாரணையை நடத்தியது. ஊராட்சிப் பணிகளின் வருகைப் பட்டியலையும் செலவுச் சீட்டுகளையும் ஊர் நடுவில் நின்று உரக்க வாசித்தனர். வேலையே செய்யாதவர் கூலி பெற்றதாகப் பட்டியலில் இருந்தது. படிக்கத் தெரியாதவர்களே எழுந்து நின்று பொய்யைச் சுட்டிக் காட்டினர். கண் படிக்காததைக் காது படித்தது. அங்கிருந்து வளர்ந்த இயக்கமே 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழி வகுத்த ஆற்றல்களுள் ஒன்று. இத்தகைய சட்டத்தை 1997லேயே இயற்றி முன்னே சென்றது தமிழகம் என்பது நாம் பெருமையோடு நினைவுகூர வேண்டியது.

ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டிலிருந்தும் ஒரு படிப்பினை உண்டு. 1991 முதல் 1995 வரை, அரசு பள்ளிகளுக்கென ஒதுக்கிய மானியத்தில் நூற்றுக்கு 13 பங்கே பள்ளிகளைச் சென்றடைந்தது என ஆய்வு ஒன்று கண்டறிந்தது. அதன்பின், எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்பதை அரசு நாளிதழ்களில் வெளியிட்டது; பள்ளிச் சுவரிலும் எழுதி ஒட்டச் செய்தது. 2001இல் அந்தப் பங்கு எண்பதைத் தாண்டியது. மாற்றத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என அறிஞர் கூறுவர். இருப்பினும் சுவரில் எழுதப்பட்ட ஓர் எண்ணுக்கு ஆற்றல் உண்டு என்பதில் ஐயமில்லை.

நம் வாசலிலும்

இதுவரை அரசுப் பள்ளியைப் பற்றிப் பேசினோம். வாசகர் பலருக்கு அது பிறர் வீட்டுக் கதையாகத் தோன்றலாம். நம் பிள்ளைகளுள் பலர் பயில்வது மறைமாவட்டமும் துறவற சபைகளும் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளில் அல்லவா? அப்பள்ளிகளின் ஆசிரியர் ஊதியமும் மக்கள் வரிப்பணமே. 2012ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் சிறுபான்மையினர் பள்ளிகளில் மேலாண்மைக் குழுவுக்கு ஆலோசனை கூறும் பணியை மட்டுமே அளித்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கே பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பெரிய அமர்வு மீண்டும் ஆராய வேண்டும் என 2025இல் அதே நீதிமன்றத்தின் ஈர் நீதிபதிகள் கருதினர். வழக்கு எங்ஙனம் முடியினும், சிறுபான்மையினர் உரிமை காக்கப்பட வேண்டியது. தம் பள்ளியைத் தாமே நடத்தும் அந்த உரிமை, கணக்குச் சொல்லாதிருக்கும் உரிமையாகச் சுருங்கிவிடலாகாது.

சட்டம் கேட்காத இடத்தில் நம் மரபு கேட்கிறது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் பெற்றோரே என அறிவித்தது. இறைமக்கள் வழங்கிய பொருளுக்கு அவர்களிடமே கணக்கு ஒப்புவிக்க வேண்டும் எனத் திருச்சபைச் சட்டத்தின் 1287ஆம் விதி பணிக்கிறது. யெருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைப் பவுலடியார் தனியே சுமந்து செல்லவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்தவர்களை உடன் அழைத்துச் சென்றார். எவரும் குறைகூற இடமிருக்கக் கூடாது என்பதே அவர் கருத்து. திருத்தூதரே சாட்சிகளை உடன்கொண்டாரெனில், நாம் கணக்குக் கேட்பதும் கணக்குச் சொல்வதும் எங்ஙனம் அவமதிப்பாகும்?

கேட்பதிலும் ஒரு பண்பு வேண்டும். தலைமையாசிரியரைத் திருடராக எண்ணிக் கேட்பவர் பள்ளியைக் கெடுப்பார். தன் சாதிக்கும் தன் கட்சிக்கும் கணக்குத் தீர்க்கக் கேட்பவரும் அவ்வாறே. பல பள்ளிகளில் மானியம் காலந்தாழ்ந்து வரும்போது தம் கைப்பணத்தைச் செலவிட்டுச் சுண்ணக்கட்டி வாங்குபவர் தலைமையாசிரியரே. கணக்கு உரக்க வாசிக்கப்பட்டால் அந்த நன்மையும் ஊருக்குத் தெரியும். நேர்மையானவருக்குக் கண்காணிப்பு ஒரு காவல்.

பல மாதங்களுக்குப் பின் அதே பள்ளிக்கு மீண்டும் சென்றேன். பெரிய மாற்றம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. கூட்டத்தை மட்டும் ஞாயிறு மாலைக்கு மாற்றியிருந்தனர். ஏலத் தோட்டத்துப் பெண்கள் நால்வர் புதிதாக வந்திருந்தனர். கையெழுத்துக்கு முன் ஒரு பெண் எழுந்து, தீர்மானத்தையும் அந்த மாதச் செலவையும் தட்டுத்தடுமாறி வாசித்தார். துடைப்பம், பினாயில், குழாய் பழுதுபார்த்த கூலி. குழாய்க் கூலியைக் கேட்டதும் மூதாட்டி குறுக்கிட்டார்: "குழாயில இன்னமும் தண்ணி ஒழுகுதேப்பா?" சிலர் சிரித்தனர். தலைமையாசிரியர் எழுந்து சென்று பார்த்துவிட்டு, "ஆமாம் அம்மா, மறுபடி ஆள் வரச் சொல்கிறேன்" என்றார். அதுவும் பதிவேட்டில் எழுதப்பட்டது.

பின்னர் மூதாட்டி கட்டைவிரலை மையில் தோய்த்தார். இம்முறை எதற்கு என்று அவர் என்னைக் கேட்கவில்லை.